சமையல் கொட்டகைக்குள் ஒரு செயின் வண்டி

சிவராமகிருஷ்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் இரும்போடு உறவும் கிடையாது, பகையும் கிடையாது. அவர் புழங்கியதெல்லாம் பித்தளை, வெண்கலம், போனால் போகிறதென்று கொஞ்சம் அலுமினியம். மட்டாஞ்சேரியில் தமிழ் வீட்டுக் கல்யாணம் என்றால் "சாமிகிட்ட சொல்லியாச்சா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எந்தச் சாமி என்று யாரும் கேட்டதில்லை. மூன்று தலைமுறைக்கு முன்னால் பாலக்காட்டிலிருந்து கரண்டியோடு வந்து இறங்கிய குடும்பம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், தேங்காய் வியாபாரியிடம் கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும்.

மனிதருக்கு எல்லாம் வரும், சும்மா நிற்க மட்டும் வராது. சாப்பிடப் போன வீட்டிலும் சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்த்து, யார் கையிலாவது இருக்கும் கரண்டியைப் பிடுங்கிவிடுவார். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எங்காத்துக் கேசரியைக் கிளறிட்டுத்தான் என்னைப் பாத்தார்" என்று அவர் மனைவி கங்கா எல்லாரிடமும் சொல்வாள். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. கேசரி அடிப்பிடிக்கும் நிலையில் இருந்தது என்று மட்டும் சொல்வார்.

வீட்டுப் பின்கட்டில் அண்டாக்கள் கொள்ளாமல் போனபோது, பஜார் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். கிடங்கின் சொந்தக்காரர் கோயம்புத்தூரில் இருந்தார். போனில் பேசும்போது, "உள்ள கடைசியில ஏதோ ஒரு பழைய வண்டி நிக்குது, அதையும் நீங்களே வெச்சுக்குங்க" என்றார். சிவராமகிருஷ்ணன் ஸ்கூட்டர் என்று நினைத்துக்கொண்டார். காய்கறி வாங்கப் போக ஆகும் என்று கங்காவிடம் சொல்லியும் விட்டார்.

தார்ப்பாயை விலக்கிப் பார்த்தபோது அங்கே நின்றது டயர் இல்லாத டிராக்டர். டயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் ராணுவ டாங்கிக்கு இருப்பதுபோல இரும்புச் செயின். காயலை மண்போட்டு மேடாக்கும் வேலைக்கு யாரோ ஒரு கான்ட்ராக்டர் எந்தக் காலத்திலோ கொண்டுவந்ததாம். ஒரு மழைக்காலத்துக்கு உள்ளே ஒதுக்கி நிறுத்தியவர் திரும்பி வரவேயில்லை. வண்டி துருவேறி, தரையோடு தரையாகக் குந்திவிட்டிருந்தது.

"இதுல போய்க் கத்தரிக்காய் வாங்கிண்டு வரப்போறேளா?" என்றாள் கங்கா.

அது நின்ற இடம்தான் சங்கடம். தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் புகை போகும் வழியும் அந்த மூலையில்தான் இருந்தன. அடுப்பு வரிசையை அங்கே வைத்தால்தான் கொட்டகை கொட்டகையாக இருக்கும். பிராட்வே கடைத்தெருப் பக்கத்திலிருந்து பழைய இரும்பு வாங்குகிறவர் வந்தார். வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டார். தலையைத் தூக்கி மேலே மர உத்தரங்களைப் பார்த்ததும், அடுத்த கிடங்கில் கயிற்று மூட்டைகள் கூரை முட்ட அடுக்கியிருப்பதைக் கேட்டதும் ஆசை அடங்கிவிட்டது. இங்கே வைத்துக் கேஸால் வெட்டினால் சந்தே எரிந்துபோகும், வெளியே முற்றத்துக்குக் கொண்டுவாருங்கள், அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கிரேன் அந்தச் சந்துக்குள் நுழையாது. ஒரு ஜேசிபி எப்படியோ வாசல் வரை வந்து, இரும்பு வடம் கட்டி இழுத்தது. வண்டி அசையவில்லை. அதன் கீழிருந்த கருங்கல் பலகைகள் இரண்டுதான் பெயர்ந்து வந்தன.

"சாமி, இது வண்டியில்ல கேட்டோ, கட்டிடம்" என்று சொல்லிவிட்டு ஜேசிபிக்காரர் கிளம்பினார்.

அப்புறம்தான் முகமது இஸ்மாயில் வந்தார். பாலக்காட்டுப் பக்கத்து ராவுத்தர். வல்லார்பாடம் துறைமுகத்தில் பெரிய பெரிய பளுதூக்கி வண்டிகளுக்கு அடியில் படுத்தே பாதி ஆயுளைக் கழித்தவர். ஒரு கல்யாணத்தில் சிவராமகிருஷ்ணனின் அடைப்பிரதமன் பாயசத்தை மூன்றாவது தடவை கேட்டு வாங்கிக் குடித்ததில் தொடங்கிய பழக்கம். தன் திறமையைப் பற்றி அவருக்குச் சந்தேகமே கிடையாது. மற்றவர்களுக்கும் இருந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருப்பார்.

டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நுழைந்தவர் வெகுநேரம் கழித்து வெளியே வந்து, தலையில் ஒட்டிய எலிப்புழுக்கையைத் தட்டிவிட்டார்.

"எஞ்சினைப் பத்தி எங்கிட்ட கேக்காதீங்க சாமி. அது வேணாம். கால் சரியானா போதும். கால் உருண்டா இழுத்துக்கிட்டுப் போயிரலாம்."

"கால்னா?"

இஸ்மாயில் காட்டினார். வண்டியின் பாரமெல்லாம் கீழே வரிசையாக இருக்கும் ரோலர்கள் மேல். ரோலர்கள் உருள்வது செயின் மேல். பின்னால் பல்சக்கரம், முன்னால் செயினை விறைப்பாகப் பிடிக்கும் பெரிய சக்கரம், அது கல்லில் இடித்தால் பின்வாங்குவதற்கு அதன் முதுகில் ஒரு தடித்த ஸ்பிரிங். மூக்குப் பக்கத்துப் பாரம் குறுக்கே கிடக்கும் ஒரு பட்டைக் கட்டின் மேல். லாரிக்கு அடியில் இருக்குமே, அதேபோல இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியது. இத்தனையும் துருப்பிடித்து இப்போது ஒரே சாமானாகிவிட்டது.

"எத்தனை நாளாகும்?"

"ரெண்டு ஞாயித்துக்கிழமை. இன்ஷா அல்லா."

இரண்டு ஞாயிறு, ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் தொடங்கி ஓணம் கழிந்தும் நீண்டது. இதற்குக் காரணம் துரு என்பது இஸ்மாயில் கட்சி. கூலி வேண்டாம், சாப்பாடு போதும் என்று அவர் முதல் நாளே சொன்னதுதான் காரணம் என்பது கங்காவின் கட்சி. புளியிஞ்சியும் எரிசேரியும் இருக்கிற ஞாயிறுகளில் ஒரு போல்ட்டைக் கழற்றவே மத்தியானம் ஆகிவிடும். வெறும் மோர்க்குழம்பு என்றால் மனிதர் விறுவிறுவென்று வேலை பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்று அவள் கணக்கெடுத்து வைத்திருந்தாள்.

முதல் போராட்டம் செயினைப் பிரிப்பது. செயினின் அத்தனை கண்ணிகளிலும் ஒரே ஒரு கண்ணியின் பின்னை அடித்தால்தான் வெளியே வரும். அது வரவில்லை. டீசல் ஊற்றி ஊறவைத்தார்கள். சம்மட்டியால் அடித்தார்கள். ஒரு வாரம் ஊறட்டும் என்று இஸ்மாயில் போய்விட்டார். சிவராமகிருஷ்ணனுக்கோ எதையும் வெறும் டீசலில் ஊறவைத்துப் பழக்கமில்லை. நடுவில் ஒருநாள் நல்லெண்ணெயைக் காய்ச்சி, இளஞ்சூட்டில் அந்தப் பின்னைச் சுற்றி விட்டார். அடுத்த ஞாயிறு ஜாக்கி வைத்து அழுத்தியபோது பின் 'டக்' என்று நகர்ந்தது.

"டீசல் வேலை செஞ்சிருச்சு" என்றார் இஸ்மாயில்.

"நல்லெண்ணெய்."

"என்னது?"

"காய்ச்சின நல்லெண்ணெய்."

இஸ்மாயில் குனிந்து மோந்து பார்த்தார். சமையல் வாசனைதான் வந்தது. இருந்தாலும் அது டீசல்தான் என்று சாதித்தார். இந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

செயின் கழன்று தரையில் நீளமாகக் கிடந்த அன்றைக்குத்தான் சிவராமகிருஷ்ணனுக்குப் பித்துப் பிடித்தது என்று சொல்ல வேண்டும். ரோலர்களை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். பாதிக்கு மேல் சுற்றவேயில்லை. இஸ்மாயில் ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்த தேய்ந்த புஷ்ஷைத் தட்டி எடுத்து, தண்ணீர் புகாமல் காக்கும் சீல் வளையத்தை மாற்றி, கிரீஸ் அடைத்துக் காட்டினார். ஓர் ஆள் தூக்க முடியாத அந்த உருளையை ஒற்றை விரலால் தள்ளினார். அது சத்தமில்லாமல் சுற்றியது. தள்ளிய பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தது.

சிவராமகிருஷ்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நின்றார் என்பதே ஆச்சரியம். பிறகு, "அடுத்ததை நான் பண்றேன்" என்றார்.

அன்றிலிருந்து வேலை இல்லாத நாட்களிலும் கிடங்குக்குப் போனார். கல்யாண வீட்டில் அவியலுக்குக் காய் நறுக்குகிற இடத்தில் கிரீஸ் வகைகளைப் பற்றிப் பேசினார். அவரிடம் வேலை பார்க்கும் இசக்கிராஜா, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஒருநாள் கங்காவிடம் வந்து, "அம்மா, அண்ணாச்சி இன்னிக்கு ஓலன்ல உப்பு பாக்கவே இல்ல. நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு போயிட்டாவ. உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்று விசாரித்தார்.

"உடம்பெல்லாம் நன்னாருக்கு. மனசுதான் ரோலர்ல இருக்கு" என்றாள் கங்கா.

ஸ்பிரிங் விவகாரம் ஆடி மாதத்தில் நடந்தது. முன்சக்கரத்தையும் அதன் முதுகு ஸ்பிரிங்கையும் சேர்த்துக் கழற்றி, சாக்கு விரித்துத் தரையில் போட்டிருந்தார்கள். கை தடிமன் கம்பியில் செய்த ஸ்பிரிங். அதை நசுக்கிப் பிடித்து நடுவே ஒரு நீண்ட போல்ட். போல்ட்டின் முனையில் ஒரு நட்டு. இஸ்மாயில் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நான் தொழுதுட்டு வந்துர்றேன். இந்த நட்டை மட்டும் தொடாதீங்க சாமி. அதுக்குள்ள ஒரு யானை உக்காந்திருக்கு."

சிவராமகிருஷ்ணன் தொடக்கூடாது என்றுதான் நினைத்தார். கொஞ்ச நேரம் அதைச் சுற்றி வந்தார். முழுசாகக் கழற்றுவதுதானே தப்பு, இஸ்மாயில் வருவதற்குள் லேசாக இளக்கி வைத்தால் அவருக்கு ஒத்தாசைதானே என்று தோன்றியது. ஸ்பேனருக்கு ஒரு நீளக் குழாயை மாட்டினார். நட்டுக்கு நேராக உட்கார்ந்து பார்த்தார். தொந்தி இடம் கொடுக்கவில்லை. அதனால் பக்கவாட்டில் உட்கார்ந்து அழுத்தினார். துருவில் இற்றுப்போயிருந்த மரை அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது.

வெடிச் சத்தம்போல ஒன்று கேட்டது. ஸ்பிரிங் கிடங்கின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பறந்தது. அங்கே கவிழ்த்து வைத்திருந்த வெண்கல உருளியில் போய் மோதியது. கல்யாணப் பிரதமன் எல்லாம் கொதித்த உருளி. நான்கு பேர் சேர்ந்து தூக்குவது. அது கோவில் மணிபோல ஓங்கி ஒலித்து, வெகுநேரம் முனகிக்கொண்டிருந்தது. சந்தில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சாப்பாடு கொண்டுவந்த கங்கா தூக்குச்சட்டியோடு உள்ளே ஓடி வந்தாள்.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லை. உருளி விழுந்தது."

"உருளி தரையிலன்னா இருந்தது? தரையிலேர்ந்து எங்கே விழுந்தது?"

கங்கா உருளியின் விளிம்பில் ஓடிய விரிசலைப் பார்த்தாள். ஸ்பிரிங்கைப் பார்த்தாள். அது கிளம்பிய இடத்தைப் பார்த்தாள், அதற்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருக்கும் புருஷனைப் பார்த்தாள். தூக்குச்சட்டியை எங்கே வைக்கிறோம் என்று பார்க்காமல் ஸ்பேனர் மேலேயே வைத்தாள், சாம்பார் மூடியைத் தாண்டி வழிந்தது.

தொழுகை முடிந்து வந்த இஸ்மாயில் ஸ்பிரிங்கையும் உருளியையும் பார்த்தார். சாக்கின் மேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில், "நாளைக்கு நான் உங்க அடுப்பாண்ட வந்து, நீங்க இல்லாத நேரமாப் பாத்து, பிரதமன்ல ஒரு பிடி உப்பைப் போடறேன். சும்மா இருப்பீங்களா சாமி?" என்றார்.

"இனிமே தொடமாட்டேன்" என்றார் சிவராமகிருஷ்ணன், பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல.

சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது கங்கா கேலி எதுவும் செய்யவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது. சந்து முனையில் நின்று அவள் சொன்னாள்: "அதை அப்படியே விட்டுடுங்கோ. அடுப்பை முன்பக்கமா போட்டுக்கலாம்."

"இனி எப்படி விடறது? அத்தனையும் அவிழ்த்துப் போட்டாச்சே."

"அடுப்புக்கு இடம் வேணும்னுதானே ஆரம்பிச்சேள்?"

"ஆமாம்."

"இப்போ அடுப்புக்காகத்தான் பண்றேளா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லலாம்தான். ஆனால் உருளி விஷயத்தில் சொன்ன பொய்யே அவ்வளவு நன்றாக வரவில்லை. "இல்லை" என்றார்.

கங்கா மறுபடி நடக்கத் தொடங்கினாள். "சரி. அப்போ நானும் வருவேன். உங்க கையில ஸ்பேனர் இருக்கற நேரமெல்லாம் நான் அங்கே இருப்பேன்."

அடுத்த ஞாயிறு முதல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு அவள் கிடங்குக்கு வந்தாள். காவலுக்கு வந்தவள் மெல்ல மேற்பார்வையாளரானாள். "அந்த ரோலர் தலைகீழா இருக்கு" என்பாள். இருக்காது. ஆனாலும் இரண்டு ஆண்களும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். ஒருநாள் வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கியபோது, "மூக்கு ஒரு பக்கமா சாயறதே, ஒரு கன்னத்துல மட்டும் வெத்தலை அடக்கின மாதிரி" என்றாள். இஸ்மாயில் சிரித்துவிட்டுக் குனிந்தார், சிரிப்பு நின்றது. குறுக்கே கிடந்த பட்டைக் கட்டில் அடியிலிருந்து இரண்டாவது பட்டை ஒடிந்திருந்தது. துருவும் சேறும் மூடியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. லாரிப் பட்டறையில் ஒரு பழைய பட்டையை வாங்கி, அளவுக்கு வெட்டி வளைத்துச் சேர்த்தார்கள். மூக்கு நிமிர்ந்தது. ஸ்பிரிங்கைப் புது போல்ட் போட்டுப் பூட்டி, செயினையும் மாட்டினார்கள். அதற்கப்புறம் கங்கா சொல்வதற்கு மறுபேச்சு இல்லாமல் போயிற்று, ரோலர் தலைகீழாக இருக்கிறது என்பது உட்பட.

ஓணம் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் நன்றாக ஏறியிருந்தது. முற்றத்து வாகைமரத்தில், பாரம் இழுக்கிற செயின் பிளாக்கைக் கட்டினார்கள். இசக்கிராஜாவும் மற்றச் சமையல்காரர்களும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார்கள். இஸ்மாயில் வண்டிமேல் ஏறி கியரை விடுவித்துவிட்டு இறங்கினார். சிவராமகிருஷ்ணன் நெற்றியில் விபூதி, இடுப்பில் புது வேஷ்டி. அவர் முன்னால் நின்று இரண்டு கைகளையும் நீட்டியிருந்தார், நடை பழகும் குழந்தையைக் கூப்பிடுவதுபோல.

"தள்ளி நில்லுங்கோ. அது உங்க மடியில வந்து உக்காராது" என்றாள் கங்கா, போனைப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டே.

சங்கிலி முறுகியது. மரத்தின் இலைகள் உதிர்ந்தன. பிறகு ஒரு கண்ணி முன்னால் விழுந்து கல்லில் படிந்தது. அதன் பின்னால் அடுத்தது. பின்னால் செயின் தரையிலிருந்து பிரிந்து எழுந்து பல்சக்கரத்தில் ஏறியது. டக், டக் என்று நிதானமாக, யாரையும் அவசரப்படுத்தாமல், அந்தக் கட்டிடம் நடந்தது. வாசற்படிக் கல்லில் ஏறியபோது முன்பக்கம் பட்டைகளின் மேல் லேசாக அமுங்கி, மறுபடி நிமிர்ந்தது. அதைப் பார்த்ததும் சிவராமகிருஷ்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேல்துண்டால் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றார். யாரும் கேட்காமலே சொன்னார்.

முற்றத்துக்கு வந்தாயிற்று. இனி இரும்புக்காரரைக் கூப்பிட வேண்டியதுதான். முதல் நாள் அஷ்டமி என்றார் சிவராமகிருஷ்ணன். அடுத்த நாள் மழை மூட்டம். அப்புறம் ஒருநாள், கிரீஸ் இன்னும் பதமாகவில்லை என்றார். அதற்குள் கங்கா, எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, கீழே 'எங்காத்து மாமாவின் இரண்டாம் கல்யாணம்' என்று எழுதியிருந்தாள். அது கை மாறி, குழு மாறி, எங்கெங்கோ போயிற்று. காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஹரிஷங்கர் என்ற ஒருவர் கண்ணிலும் பட்டது. நேராக மட்டாஞ்சேரிக்குப் புறப்பட்டு வந்துவிட்டார்.

வந்தவர் வணக்கம் சொன்ன கையோடு, ஆபீஸ் சட்டையோடு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். கீழேயிருந்தே பேசினார்.

"மாமா, எங்கிட்டேயும் இதே வண்டி இருக்கு. பாலக்காட்டுப் பக்கம் சித்தூர்ல, எங்க தோட்டத்துல. எஞ்சின் அடிபொளி. கீழேதான் ஒண்ணுமே பாக்கியில்லை, செயின் ரோலர் எல்லாம் தேஞ்சு போச்சு. எங்கே தேடியும் கிடைக்கலை." அப்புறம் வெளியே தலையை நீட்டி, "இதை யார் பண்ணினது?" என்று கேட்டார்.

"நான்" என்றார்கள் சிவராமகிருஷ்ணனும் இஸ்மாயிலும் ஒரே குரலில்.

நாற்காலியிலிருந்து கங்கா லேசாகக் கனைத்தாள். "நாங்கதான்" என்று இருவரும் திருத்திக்கொண்டார்கள்.

கீழ்ப்பாதி சித்தூருக்கு என்று முடிவாயிற்று. இஸ்மாயிலே உடனிருந்து பிரித்து லாரியில் ஏற்றினார். மேல்பாதியை இரும்புக்காரர் முற்றத்தில் வைத்து வெட்டி எடுத்துப்போனார். சிவராமகிருஷ்ணன் அதை நின்று பார்க்கக்கூட இல்லை. "அதோட எனக்கு அவ்வளவு பழக்கமில்லை" என்றார். கொட்டகையில் அடுப்பு வரிசை ஏறியது. உருளியை ஒட்டவைக்க முடியவில்லை. புதிதாக ஒன்று வாங்க வேண்டியதாயிற்று. அதில் முதல் பிரதமன் கொதித்தபோது அவர் பழையபடி கரண்டியைப் பிடுங்கி, ருசி பார்த்து, எல்லாரையும் திட்டினார். இசக்கிராஜா நிம்மதியாக மூச்சுவிட்டார்.

தை மாதத்தில் ஹரிஷங்கர் கூப்பிட்டார். வண்டி தோட்டத்தில் ஓடத் தொடங்கிவிட்டது, மாமாவும் மாமியும் வந்து பார்க்க வேண்டும் என்றார். வேலை இருந்ததால் இஸ்மாயிலால் வர முடியவில்லை. ரோலர்களைத் தொட்டுப் பாருங்கள், எது சுடுகிறதோ அது உள்ளே உரசி அழுகிறது என்று அர்த்தம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

சித்தூரில் தென்னைகளுக்கு நடுவே, ஹரிஷங்கரின் மஞ்சள் வண்டி அவர்களுடைய கால்களில் நடந்து வந்தது. சிவராமகிருஷ்ணன் அதன் எஞ்சினையோ, புதுப் பெயின்டையோ பார்க்கவில்லை. வண்டியை நிறுத்தச் சொன்னார். வெள்ளை வேஷ்டியோடு மண்ணில் முழங்காலிட்டு, ஒவ்வொரு ரோலரையும் உள்ளங்கையால் தொட்டுக்கொண்டே போனார். மறுபக்கமும் போனார். எழுந்தபோது முகத்தில் அப்படியொரு பெருமை. "ஒண்ணும் சுடலை" என்றார்.

"மாமி, ஒரு ரவுண்டு வரேளா?" என்று கேட்டார் ஹரிஷங்கர்.

கங்கா புடவையைச் செருகிக்கொண்டு ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். வண்டி புறப்பட்டது. சிவராமகிருஷ்ணன் ஏறவில்லை. கூடவே நடந்தார், கழுத்தை வளைத்து, செயினையும் ரோலரையும் பார்த்தபடி.

வரப்பு ஒன்றில் வண்டி ஏறி இறங்கியது. மேலேயிருந்து பார்த்தால் தோட்டம் முழுக்கத் தெரிந்தது. தூரத்தில் மலைகூடத் தெரிந்தது. கங்கா கையை ஆட்டி, "ஏன்னா! இங்கே பாருங்கோ!" என்று கத்தினாள். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் இரண்டு தடவை கத்திய பிறகு நிமிர்ந்தார்.

"என்ன, என்ன? ஏதாவது சத்தம் வரதா?"

"ஒண்ணுமில்லை. நீங்க கீழேயே பாத்துண்டு வாங்கோ" என்றாள் கங்கா.

அவர் சரியென்று தலையாட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.